வெள்ளித் தாளும் புழங்குகிற தண்ணீரும்

அந்த வெள்ளித் தாளை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வேலூரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் நான் நர்ஸாக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். மருந்து கம்பெனி ரெப் ஒருவர் கழுத்தில் டையோடு டிரெஸ்ஸிங் அறைக்குள் வந்து, ஆவியில் வேகவைத்து நான் அடுக்கியிருந்த சாமான்களின் மேலேயே தன் பையை வைத்தார். பஸ்ஸில் எத்தனை பேர் காலடியில் கிடந்து வந்த பையோ. அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, "இன்னா வேணும்?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு சின்ன உறையைக் கிழித்து உள்ளே இருந்த தாளை எடுத்துக் காட்டினார். தாள் என்று நான்தான் சொல்கிறேன். நடுவில் மெல்லிய பஞ்சு வைத்து, மேலும் கீழும் வலை மாதிரி ஒரு துணி. நீலமும் சாம்பலும் கலந்து மீன் முதுகு போல மின்னியது. "வெள்ளி, சிஸ்டர். நானோ வெள்ளி," என்றார்.

ஒரு கொலுசை எடுத்துப் பொடியாக்குவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத பொடி. எங்கள் லேபில் இருந்த மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாத பொடி. அத்தனை சின்னதாகிவிட்டால் வெள்ளி வேறு மாதிரி நடந்துகொள்ளுமாம். ஈரம் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து புண்ணில் இறங்கி, மூன்று நாள் வரை கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்குமாம். தினமும் பிரித்துக் கட்ட வேண்டாம். காயாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

"ஒண்ணே ஒண்ணு சிஸ்டர். சலைன் மட்டும் ஊத்திடாதீங்க. உப்பு பட்டா வெள்ளி அதோட சேந்துக்குனு அங்கயே உக்காந்துரும், புண்ணுக்குள்ள போவாது. டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும்."

அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். எங்கள் கை பழகியது சலைனுக்குத்தான். நான் பயிற்சி முடித்த தொண்ணூறுகளில் சீழ் வைத்த புண் என்றால் சலைனில் கழுவுவோம், நனைத்த காஸ் துணியை வைப்போம், மறுநாள் அதைப் பிய்த்து எடுப்போம். புதிதாக வளர்ந்த சதையும் அதோடு வரும். நோயாளி கத்துவார். "அவ்ளோதான், அவ்ளோதான்" என்போம். அவ்வளவுதான் இல்லை, நாளைக்கும் இதேதான் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அப்படிப் பிய்க்காமல் ஒரு புண் ஆறும் என்றால் அந்த ரெப்பின் பையை நானே தலையில் சுமப்பேன் என்று தோன்றியது.

அடுத்த இரண்டு மாதத்தில் மாமா கால் புண்ணோடு வந்து சேர்ந்தார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஆம்பூர் பக்கத்தில் ஒரு டேனரியில், பச்சைத் தோல் வந்து இறங்குகிற இடத்தில் சூப்பர்வைசர். லாரியிலிருந்து இறக்குகிற தோலை விரித்து உப்பு போட்டு அடுக்க வைப்பது அவர் வேலை. கனத்த உடம்பு, கனத்த சிரிப்பு. பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. டீயில் சர்க்கரை போடாதே என்று அக்கா சொன்னால், "அது என் தோஸ்து, திடீர்னு கட் பண்ணா கோச்சிக்கும்" என்பார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து நர்ஸம்மா.

ஒரு நாள் முழுவதும் அவர் ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு துண்டுக் கம்பி இருந்திருக்கிறது. தோல் கட்டுகளை இறுக்கிக் கட்டுகிற கம்பி. சர்க்கரை அவர் காலின் உணர்வைத் தின்று முடித்திருந்ததால் அது குத்தியது அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பூட்ஸைக் கழற்றியபோது காலுறை சிவப்பாக இருந்ததாம். கல்லுப்பைக் கரைத்த வெந்நீரில் காலை முக்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். மூன்று வாரம் இப்படியே போயிற்று. டேனரி வாடையிலேயே இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய வீட்டில் புதிதாக ஒரு நாற்றம் தெரிய நாளாகும். அக்கா கண்டுபிடித்தபோது பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கால் குழிந்து கறுத்திருந்தது.

"உப்புத் தண்ணில முக்கினீங்களா? யாரக் கேட்டு?" என்று டிரெஸ்ஸிங் அறையிலேயே கத்தினேன்.

"லாரி லாரியா வர்ற தோல உப்புதான காப்பாத்துது? என் தோல காப்பாத்தாதா நர்ஸம்மா?"

"அது செத்த தோல் மாமா!"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டாக்டர் வெளியே வைத்து அவளிடம் சொன்னதை அவள் அப்போதுதான் கேட்டுவிட்டு வந்திருந்தாள். பாதத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். கிருமி எலும்பைத் தொட்டுவிட்டால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான்.

அழுகியதையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்த அன்றே நான் டாக்டரை அரித்தேன், டாக்டர் ரெப்பை அரித்தார், வெள்ளித் தாள்கள் வந்தன. கொஞ்சம் சாம்பிள், மீதியை நாங்களே வாங்கினோம். முதல் தாளை என் கையாலேயே வெட்டி, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, குழியில் பதித்துக் கட்டினேன். மாமா எட்டிப் பார்த்தார்.

"வெள்ளியா இது? இவளுக்குக் கூட நான் ஒரு கொலுசு வாங்கித் தரல. எனக்குப் பட்டையாவே போட்டுட்டாங்க பாரு."

"ஆறட்டும், அப்பால எனக்கு வாங்கித் தாங்க," என்றாள் அக்கா. வந்ததிலிருந்து அன்றுதான் அவள் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

ஆறத்தான் செய்தது. மூன்றாம் நாள் பிரித்தபோது நாற்றம் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டாவது தாளை எடுத்தபோது குழியின் அடியில் மாதுளை முத்து மாதிரி சிவப்புச் சதை அங்கங்கே தெரிந்தது. மூன்றாவது தாள் கழற்றிய அன்று டாக்டர் குனிந்து முகர்ந்தே பார்த்தார். பிய்க்கவில்லை, புதுச் சதை எதுவும் அதோடு வரவில்லை. நான் அந்த அறையில் எத்தனையோ புண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு புண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றுதான். வார்டில் இருந்தவர்களிடமெல்லாம் போய், நான்தான் போராடி அந்தத் தாளை வாங்கினேன் என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாமா வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். பக்ரீத் முடிந்த வாரம். தோல் குவிகிற நேரம். "உப்பு போடாம ஒரு நாள் வுட்டா முடி கழண்டுகினு வந்துடும். பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஊட்ல உக்காந்து போன்லயாவது சொல்றேன்," என்றார். இனிமேல் கட்டுவதை வீட்டிலேயே செய்யலாம், வாரம் ஒரு தடவை கூட்டி வந்தால் போதும் என்று டாக்டரும் விட்டுவிட்டார்.

அக்காவுக்குக் கட்டச் சொல்லித் தர நானும் கூடவே போனேன். சொல்லித் தர அதிகம் இருக்கவில்லை. அவள் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறவள். தோலை ஒரு நூலிழை கூடக் கோணாமல் தைக்கிற கை. முதலில் புண்ணின் மேல் ஒரு கண்ணாடிக் காகிதம் வைத்துப் பிடித்து, ஓரத்தைப் பேனாவால் வரைந்து, பழைய காலண்டர் தாளை அதே அளவுக்கு வெட்டிக்கொண்டாள். அந்த மாதிரியை வைத்து வெள்ளித் தாளை வெட்டினாள். உள்ளே வைத்தபோது குழிக்கென்றே பிறந்தது போல உட்கார்ந்தது. நான் வெட்டியதெல்லாம் அதற்கு முன்னால் கந்தல்.

"உனுக்கு நர்ஸ் வேலையே குடுத்துடலாம்கா," என்றேன்.

"நீ இன்னா பண்ணுவ?"

"நான் ஷூ தைக்கப் போறேன்."

"எவனும் போட மாட்டான்," என்றார் மாமா கட்டிலிலிருந்து.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அங்கே தண்ணீர் இரண்டு வகை. பாலாறு காய்ந்து, டேனரிக் கழிவு நிலத்தில் இறங்கி, போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போன பிறகு வந்த ஏற்பாடு. லாரியில் வருவது நல்ல தண்ணி. அது நீலக் குடங்களில் சமையலறையில் தட்டுப்போட்டு மூடியிருக்கும். குடிக்க, சோறு பொங்க. மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணி. அதற்குப் பெயர் புழங்குகிற தண்ணி. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, எவர்சில்வர் தட்டு வெளுத்துப் போகும். சின்ன வயதில் நல்ல தண்ணியில் கால் கழுவிவிட்டு அம்மாவிடம் நான் வாங்கிய அறை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அம்மாவிடம் நானும் அக்காவும் பாடமாகக் கற்றது அதுதான். நல்ல தண்ணி வாய்க்கு. உடம்புக்குப் புழங்குகிற தண்ணி. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவே வேண்டியதில்லை.

கிளம்பும்போது அக்காவிடம் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில்களைக் கொடுத்து, "இத்த மட்டும்தான் ஊத்தணும். சலைன் ஊத்தாத," என்று இரண்டு முறை சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கென்ன புரியப்போகிறது என்று நினைத்திருப்பேன். தைக்கிறவள்தானே.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நர்சிங் ஹோமுக்கு அவளிடமிருந்து போன் வந்தது. காலை நேரம். கொதிக்கிற ரசத்தைக் கொட்டிக்கொண்ட ஒரு குழந்தை என் மேஜையில் வீறிட்டுக்கொண்டிருந்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"பாட்டில் தீந்து போச்சுடி. மெடிக்கல்ல வரல, ரெண்டு நாள் ஆவும்ங்கறான். காய்ச்சி ஆற வெச்ச தண்ணி ஊத்தட்டுமா?"

"ஊத்துக்கா. நல்லா கொதிக்க வெச்சுடு."

அவ்வளவுதான் பேச்சு. நர்ஸாக நான் சொன்னதில் தப்பில்லை. எந்த ஊரில் யார் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டது என் அக்கா. அவள் வீட்டுச் சமையலறை எனக்குத் தெரியும். நல்ல தண்ணியா அக்கா, போர் தண்ணியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தண்ணீரிலேயே குளித்து வளர்ந்தவளுக்கு அதில் உப்பு இருப்பது ஒரு விஷயமாகவே படவில்லை. உப்பு என்றால் எனக்கு அப்போது பாட்டிலில் சலைன் என்று எழுதியிருப்பது.

கொதித்த தண்ணீரே போதும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா ஏன் பாட்டில் வாங்கப்போகிறாள்?

அந்த வாரம் அவர்கள் வேலூருக்கு வரவில்லை. மாமாவுக்குத் தோல் வேலை. அடுத்த வாரமும் வரவில்லை. போனில் கேட்டேன். "லேசா தண்ணி வுடுது. வாடை கூடக் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கற மாதிரி இருக்குது," என்றாள். தாளைச் சீக்கிரம் மாற்று, காய விடாதே, அடிக்கடி நனை என்றேன். அவளும் அடிக்கடி நனைத்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். ஞாயிறு எனக்கு டியூட்டி மாற்றிப் போட்டார்கள். இது சாக்கு என்று எழுதும்போதே தெரிகிறது. ஆம்பூர் ஒன்றும் டெல்லி இல்லை.

மூன்றாம் வாரம் குளிர் ஜுரத்தோடு மாமாவை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். கட்டைப் பிரித்தபோது வெள்ளித் தாள் அழகாக, இம்மி பிசகாமல், புண்ணின் வடிவத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே எல்லாம் போயிருந்தது. டாக்டர் ஒரு கம்பியை உள்ளே விட்டார். எலும்பில் தட்டியது. அந்தச் சத்தம் கேட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நர்ஸம்மா, வாய் மூடிக்கிச்சு?"

மறுநாள் முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம், துணிமணி எடுத்து வர நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் மகள் அப்போது கல்லூரியில் முதல் வருடம். அவளும் அக்காவோடு ஆஸ்பத்திரியில் இருந்ததால் வீட்டில் யாருமில்லை. சமையலறை அலமாரியில் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம், வெள்ளைத் துணியால் வாய் கட்டி, தனியாக இருந்தது. பக்கத்தில் கத்தரிக்கோல், அளவு வெட்டி மடித்த காலண்டர் தாள். புண்ணுக்கென்றே ஒதுக்கிய பாத்திரம். வேறு எதற்கும் அதை அவள் தொட்டிருக்க மாட்டாள். துணியை அவிழ்த்தேன். உள்ளே அடியிலும் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் கொதித்து வற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய வளையங்கள். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன்.

கரித்தது. நல்லா கொதிக்க வெச்சுடு என்று சொன்னவள் நான். கொதிக்கக் கொதிக்க உப்பு கூடத்தான் செய்யும். அந்த உப்பை அவள் ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை, தன் கணவனின் காலில் கட்டிய வெள்ளியின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறாள். எதிரே நீலக் குடங்களில் நல்ல தண்ணி நிரம்பியிருந்தது.

அப்புறம் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. புளியை ஊறவைத்து, அந்தப் பாத்திரத்தைத் தேய்த்தேன். படிவு முழுக்கப் போகும்வரை தேய்த்தேன். துடைத்து, அதே துணியைக் கட்டி, அதே இடத்தில் வைத்துவிட்டு, துணிமணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

டாக்டரிடம், யாரோ ஒரு நோயாளியைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டேன். உப்புத் தண்ணீர் பட்டால் அந்தத் தாள் வேலை செய்யாதா? "கம்மியாகலாம்," என்றார். "ஆனா இவருக்கு ரத்தக் குழாயும் அடைச்சிருந்துது, சர்க்கரையும் கட்டுல இல்ல. இதனாலதான்னு யாரால சொல்ல முடியும்?" அந்தக் கடைசி வார்த்தையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாரால சொல்ல முடியும். பல வருடம் அதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன்.

அக்காவுக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வார்டு வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ கட்டுனப்ப ஆறிச்சு. நான் கட்டுனப்ப அழுகிடுச்சு. என் கைதான் சரியில்ல," என்றாள். "அதெல்லாம் இல்லக்கா, சர்க்கரை ஜாஸ்தி," என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் நீளுகிற என் வாய் அன்றைக்கு மட்டும் அடக்கமாக இருந்தது.

அவள் தையலை விட்டுவிட்டாள். கம்பெனியில் கேட்டுப் பெட்டி கட்டுகிற பிரிவுக்கு மாறிக்கொண்டாள். அங்கே சம்பளம் கம்மி. கேட்டதற்கு, கை நடுங்குகிறது என்றாளாம். மாமா ஊன்றுகோலோடு இரண்டு வருடம் இருந்தார். கிண்டல் இருந்தது, ஆனால் இடையிடையே எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் காலையில் டீ கேட்டுவிட்டு, அது வருவதற்குள் நெஞ்சு வலியில் போய்விட்டார். கல்லறையில் மண் போடும்போது அக்கா மண்ணைக் கையில் எடுக்கவே தயங்கினாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு துக்கத்தில் இது வேறு எதற்கு என்று எனக்கு நானே இரக்கம் காட்டிக்கொண்டேன்.

பிறகு மகளுக்குக் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. வீட்டுக்குக் கொண்டு வந்த மறுநாள், குழந்தையைத் துடைத்துவிட நான் போயிருந்தேன். தொப்புள் கொடி இன்னும் விழவில்லை. அக்காவிடம், "புடிக்கா" என்று நீட்டினேன். அவள் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

"நான் மாட்டேன். கொடி விழட்டும், புண்ணு ஆறட்டும், அப்பால தூக்கறேன்."

"இன்னாக்கா பேசற?"

"என் கை ஆவாதுடி. உனுக்குத் தெரியாதா?"

அவள் முந்தானைக்குள் கைகளைச் சுருட்டி ஒளித்துக்கொண்டாள். தன் பேத்தி, பிறந்து ஐந்து நாள். அதைத் தொட அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது முகத்தில் தெரிந்தது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ரெப் சொன்ன உப்பு, என் போன் பேச்சு, அலுமினியப் பாத்திரம், புளி போட்டுத் தேய்த்தது வரைக்கும். சொல்லும்போது அழுகை வந்து வார்த்தை உடைந்தது. அவள் அழவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்வையை எடுக்காமலே சொன்னாள்.

"அவரு சாவறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால கேட்டாரு. எங்கனா தப்பு பண்ணிட்டியா, சொல்லு, நான் கோச்சிக்க மாட்டேன்னாரு. நான் இன்னா சொல்றது? ஆமான்னு சொல்லி, அவரு காலப் புடிச்சுக்குனு அழுதேன். மன்னிச்சிட்டேன்னு சொன்னாரு."

"தலைல கை வெச்சு சொன்னாரு," என்றாள்.

அவர் மன்னித்தது அவளை. அவள் செய்யாததற்கு. மன்னிப்பு தேவைப்பட்டவள் வேலூரில் வெள்ளைச் சீருடையில் சுற்றிக்கொண்டிருந்தாள். இனி அவரிடம் போய் யார் திருத்திச் சொல்வது? அக்கா என்னைத் திட்டுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். சுவரோரம் நான் கலந்து வைத்திருந்த வெந்நீர்ப் பேசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது எந்தத் தண்ணி?"

"நல்ல தண்ணிதான்கா. குடத்துலேர்ந்து நானே எடுத்தேன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேசினில் ஒரு விரலை நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் குழந்தையைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.